இரண்டாம் முறையும் பார்க்க வைக்கும் படங்கள், தொடர்கள்

படங்களும் தொடர்களும் குவிந்து கிடக்கின்றன, எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏன் பிடிக்கும், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் நல்ல படமா என்று முதல் முறை பார்த்ததும் நான் முடிவு கட்டுவதில்லை. முதல் முறை கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்து என்ன என்ற பதைப்பில் சுமாரான படம்கூட நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். கதை முழுக்கத் தெரிந்த பிறகு, சில வருடங்கள் கழித்துத் திரும்பப் பார்க்கும்போது படம் சுருங்குகிறதா, விரிகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. அப்படி விரிந்த படங்களை எல்லாம் சேர்த்து யோசித்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. எல்லாவற்றிலும் முக்கியமான ஏதோ ஒன்று திரையில் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். விட்ட இடத்தை நாம் நிரப்புகிறோம். இளவயதில் நிரப்பியதைப் பிற்பாடு நாமே மாற்றி நிரப்புகிறோம்.

இதற்கு எளிய உதாரணம் '12 ஆங்ரி மென்' (1957). சிட்னி லூமெட் இயக்கிய முதல் படம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன், அவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், ஓர் அறை. பதினொரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள், ஒருவர் மட்டும் 'பேசிப் பார்ப்போமே' என்கிறார். கொலை எப்படி நடந்தது என்று ஒரு ஃப்ளாஷ்பேக்கூடக் கிடையாது. பையனின் முகத்தைத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கடைசியில் வழக்கு முடிகிறது. ஆனால் அவன் கொன்றானா இல்லையா என்பது நமக்குத் தெரிவதே இல்லை. முதல் முறை பார்த்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை, அவன் நிரபராதி என்று நிரூபித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர்கள் நிரூபித்தது சந்தேகத்துக்கு இடமிருக்கிறது என்பதை மட்டும்தான். அடுத்த முறை பார்க்கும்போது அதே வசனங்கள் வேறு மாதிரி கேட்டன.

இந்தப் படத்தில் கேமரா செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். முதல் மூன்றில் ஒரு பங்கை லூமெட் கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார், நடுப்பகுதியைக் கண்மட்டத்தில், கடைசிப் பகுதியைக் கீழேயிருந்து. கூடவே அகலமான லென்ஸிலிருந்து நீளமான லென்ஸுக்குப் படிப்படியாக மாறிக்கொண்டே போனார். முகங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர் நெருங்கி வருவதுபோல ஆகிவிடுகிறது, கடைசியில் கூரையும் தெரியத் தொடங்குகிறது. அறை மாறவில்லை, நமக்கு மூச்சு முட்டுகிறது. வெளியே வந்ததும் வரும் கடைசி ஷாட்டை மறுபடி அகல லென்ஸில் எடுத்திருக்கிறார். தெரியாமல் பார்த்தாலும் உடம்பு அதை உணரும்.

அடுத்து ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011). சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதை ஈரானுக்கு முதன்முதலில் வாங்கித் தந்த படம். முதல் காட்சியில் கணவனும் மனைவியும் விவாகரத்து கேட்டு நீதிபதி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். நீதிபதியின் குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. இருவரும் கேமராவைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அதாவது அந்த நாற்காலியில் நம்மை உட்கார வைத்துவிட்டார். அப்புறம் கதையின் முதுகெலும்பாக இருக்கும் ஒரு சம்பவத்தை, வீட்டு வேலைக்கு வந்த பெண் தெருவில் என்ன ஆனாள் என்பதை, வெட்டி எடுத்துவிடுகிறார். நாம் அந்தக் காட்சியின் விளிம்புவரை போகிறோம், அடுத்த கணம் வேறெங்கோ இருக்கிறோம். அந்த வெட்டு நமக்கு உறைப்பதேயில்லை. பிறகு ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான பாதியைச் சொல்லி, மீதிப் பாதியை மறைத்து வாதாடும்போதுதான் நாமும் எதையோ பார்க்கவில்லை என்று உறைக்கிறது.

பெற்றோரில் யாரோடு இருக்கப் போகிறாய் என்று பதினோரு வயது மகளிடம் கேட்பதில் படம் முடிகிறது. அவள் முடிவெடுத்துவிட்டேன் என்கிறாள். பெற்றோரை வெளியே அனுப்புகிறார்கள். தாழ்வாரத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் காத்திருக்க, பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சிறுமி அப்பாவோடுதான் போயிருப்பாள் என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண் அப்பா சொன்ன பொய்யைக் கண்டுபிடித்தவள், அவருக்காகத் தானே ஒரு பொய்யும் சொல்ல வேண்டி வந்தவள். எங்கள் வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஃபர்ஹாதி பதிலைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா என்றால் எல்லோரும் 'செவன் சாமுராய்' (1954) என்பார்கள். அது தவறில்லை, மூன்றரை மணி நேரப் படம் என்று சொன்னால் நம்ப முடியாத வேகம். ஆனால் எனக்கு அதற்கு இரண்டு வருடம் முந்திய 'இகிரு' ஒரு படி மேல். நகராட்சி அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகக் காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் வதனபேக்கு வயிற்றுப் புற்றுநோய். படத்தின் முதல் ஃபிரேமே அவருடைய எக்ஸ்ரேதான். அவருக்குத் தெரிவதற்கு முன்னால் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். குடித்துப் பார்க்கிறார், ஊர் சுற்றிப் பார்க்கிறார், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் சாக்கடை தேங்கும் ஓரிடத்தைக் குழந்தைகளுக்கான பூங்காவாக மாற்றலாம் என்று ஒரு வெறியோடு மேஜையிலிருந்து எழுகிறார்.

வழக்கமான படமாக இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் அவர் அந்தப் பூங்காவுக்காகப் போராடுவதை இசையோடு காட்டியிருப்பார்கள். குரோசாவா என்ன செய்கிறார் தெரியுமா? ஐந்து மாதம் கழித்து நம் கதாநாயகன் இறந்துவிட்டார் என்று ஒரு குரல் சொல்கிறது. அடுத்து அவருடைய படத்துக்கு முன்னால் இரங்கலுக்கு உட்கார்ந்திருக்கும் சக ஊழியர்கள். மீதிப் படத்தின் பெரும்பகுதி அந்த அறைதான். துணை மேயர் பூங்காவின் பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கிளம்பிப் போகிறார். மற்றவர்கள் குடித்துக்கொண்டே, வதனபே எதற்காக அப்படி அலைந்தார், தனக்கு நோய் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று ஆளுக்கொரு துண்டாக நினைவுகூர்கிறார்கள். அவர் செய்த ஒரே பெரிய காரியத்தை மற்றவர்களின் அரைகுறை ஞாபகத்தின் வழியாக மட்டுமே பார்க்கிறோம். போதை ஏறியதும் இனி நாமும் அவரைப்போல வேலை செய்வோம் என்று சபதம் எடுக்கிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் நடப்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. வதனபேயாக நடித்த தகாஷி ஷிமுராதான் 'செவன் சாமுராய்'யில் அந்தக் கம்பீரமான தலைவர் என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். இங்கே அவர் தோள் இரண்டும் சரிந்து, குரலே எழும்பாமல் இருக்கிறார். கஸுவோ இஷிகுரோ திரைக்கதை எழுதி, பில் நைய் நடித்து 2022-ல் 'லிவிங்' என்று ஆங்கிலத்திலும் வந்தது. மோசமில்லை. ஆனால் மூலத்தை முதலில் பாருங்கள்.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லச் சொல்லச் சாதாரணமாகத் தெரியும். வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, திரும்பி வருகிறார்கள், தாய் இறந்துவிடுகிறாள். பயணத்துக்கு மூட்டை கட்டுவதைக் காட்டுவார், அந்தப் பயணத்தைக் காட்ட மாட்டார். அம்மாவின் கடைசி மூச்சையும் காட்ட மாட்டார். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் வலி. தந்தையாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நம்பவே முடியாது.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) எனக்கு ரயில் காட்சியைவிட முக்கியமானவை இரண்டு. பல மாதம் கழித்து வீடு திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல், அவளுக்காக வாங்கி வந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். மனைவி சர்போஜயா வாய் திறந்து கதறுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதில் தார் ஷெனாயின் உச்ச ஸ்தாயி வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. இசை ரவிசங்கர். எந்த நடிகையின் அழுகையும் அந்த வாத்தியத்துக்கு ஈடாகியிருக்காது. இன்னொன்று, வீட்டைக் காலி செய்யும்போது அபு, அக்கா திருடியதே இல்லை என்று சாதித்த மணிமாலையைக் கண்டெடுக்கும் இடம். யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மெல்ல மறுபடி மூடிக்கொள்கிறது. ஒரு வார்த்தை கிடையாது.

தமிழில் இதே துணிச்சல் 'உதிரிப்பூக்க'ளில் (1979) இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிடைத்த பொறியை வைத்து மகேந்திரன் எழுதி இயக்கியது. மனைவியைப் படுத்தி எடுத்த சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகிறது. அடிதடி இல்லை, ஆவேசக் கூச்சல் இல்லை. தன் குழந்தைகளிடம் விடைபெற்று அவர் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறார். கரையில் நிற்கும் முகங்களைத்தான் பார்க்கிறோம். கெட்டவன் ஒழிந்தான் என்ற நிம்மதியை நமக்குத் தராமல், இத்தனை நல்லவர்களும் சேர்ந்து இப்போது என்ன செய்துவிட்டார்கள் என்று கேட்க வைத்துவிட்டுப் படம் நிற்கிறது. இளையராஜாவும் அசோக்குமாரின் கேமராவும் மகேந்திரனோடு சேர்ந்து அடக்கி வாசித்த படம். இத்தனை வருடம் கழித்தும் அந்த முடிவைப் பற்றி ஆள்கள் சண்டை போடுகிறார்கள் என்றால் காரணம் அந்த அடக்கம்தான்.

என் பட்டியலில் மிகச் சின்னக் கதை அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987). எட்டு வயது அகமது, பக்கத்தில் உட்காரும் நண்பனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிடுகிறான். மறுநாள் வீட்டுப்பாடத்தை அந்த நோட்டில் எழுதி வராவிட்டால் நண்பனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். நண்பன் அடுத்த ஊர். வீடு எது என்று தெரியாது. பையன் மலையேறி ஓடுகிறான். கேட்கும் பெரியவர்களில் யாரும் அவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. ஒருவர் கதவு செய்வதைப் பற்றிப் பேசுகிறார், தாத்தா ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். எண்பத்துச் சொச்சம் நிமிடம் ஒரு நோட்டுக்காக நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அன்றிரவு அவன் என்ன செய்ய முடிவெடுத்தான் என்பதைக் கியாரோஸ்தமி காட்டவில்லை. காற்றில் கதவு திறந்துகொள்கிறது, பையன் விழித்துப் பார்க்கிறான். நேராக மறுநாள் வகுப்பறைக்குப் போய்விடுகிறார். அங்கே ஆசிரியர் நோட்டைத் திறக்கும்போது வரும் கடைசி ஷாட்டை நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. 1990-ல் வட ஈரானில் பெரும் நிலநடுக்கம் வந்தது. படம் எடுத்த அந்த ஊர்களும் அதில் சிக்கின. நடித்த பையன்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போனார் கியாரோஸ்தமி. அந்தப் பயணத்தை வைத்து 1992-ல் இன்னொரு படம் எடுத்தார்: ஓர் இயக்குநரும் அவர் மகனும் இடிந்த ஊர்கள் வழியாகக் காரில் போகிறார்கள், கையில் பழைய படத்தின் போஸ்டர். வழியில் பார்க்கும் ஆள்கள் எல்லோரும் வீடு கட்டுகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், உலகக் கோப்பை கால்பந்து பார்க்க ஆன்டெனா நிறுத்துகிறார்கள். கடைசியில் ஒரு செங்குத்தான மலைப்பாதையில் கார் திணறுவதைத் தொலைவிலிருந்து காட்டி முடித்துவிடுகிறார். பையன்களைக் கண்டுபிடித்தாரா? படத்தில் இல்லை. இதைவிடப் பெரிய கேள்வியை ஒருவர் விட்டுவிட்டுப் போக முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் படம் முடியும்போது நம் மனம் அந்தக் கார் மேடேறிவிட வேண்டும் என்பதில்தான் இருக்கும்.

எல்லாம் கலைப்படமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) இதே வகைதான், என்ன, அங்கே விபத்தாக நடந்தது. இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் போனது. படப்பிடிப்பு நாள் எகிறிக்கொண்டே போக, சுறா இல்லாமலே சுறாவைக் காட்ட வேண்டிய கட்டாயம். தண்ணீர் மட்டத்தில் கேமரா, நகரும் மஞ்சள் பீப்பாய்கள், ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்கள். சுறா முழுசாகத் தலை காட்டும்போது படம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த இயந்திரம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் சாதாரண மிருகப் படமாகப் போயிருக்கலாம். இன்றைக்கு கம்ப்யூட்டரில் எந்த மிருகத்தையும் எந்தக் கோணத்திலும் காட்ட முடிவதால்தானோ என்னவோ பயம் போய்விட்டது.

போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) தென் கொரியாவில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளைத் தழுவியது. படம் எடுத்தபோது கொலையாளி யார் என்று தெரியாது. ஆகவே துப்பறியும் படத்தில் துப்புக் கிடைக்காமலே முடிகிறது. பல வருடம் கழித்து அந்த இடத்துக்கு வரும் முன்னாள் போலீஸ்காரர், கடைசி ஷாட்டில் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். திரையரங்கில் கொலைகாரனே உட்கார்ந்திருக்கலாம் என்ற எண்ணத்தில் வைத்த பார்வை அது. 2019-ல் டிஎன்ஏ சோதனையில் ஆள் அடையாளம் தெரிந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். பதில் தெரிந்த பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பார்வையின் கூர்மை கொஞ்சம்கூடக் குறையவில்லை. ஏனென்றால் படம் கொலையாளியைப் பற்றியது என்பதைவிட, சந்தேகத்தின் பேரில் ஆள்களைப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்த போலீஸைப் பற்றியது.

வோங் கர்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000) ஒருவரின் கணவனும் மற்றவரின் மனைவியும் தங்களுக்குத் தெரியாமல் பழகுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் இரண்டு அண்டை வீட்டுக்காரர்களின் கதை. துரோகம் செய்த அந்த இருவரின் முகத்தைக் கடைசிவரை காட்டுவதில்லை: முதுகு, குரல், அவ்வளவு. இதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் கெடுத்துவிடுவேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எதையாவது ஒளித்துவைத்தாலே நல்ல படம் என்று நான் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. கடைசி ஐந்து நிமிடத்தில் திருப்பம் வைப்பதற்காகத் தகவலைப் பதுக்கும் படங்கள் இருக்கின்றன. ஒருமுறை பார்த்துக் கை தட்டலாம். திரும்பப் பார்த்தால் பூட்டுத் திறந்த பெட்டி மாதிரி காலியாக இருக்கும். அந்தப் படங்களில் விடுபட்டது ஒரு தகவல். மேலே சொன்ன படங்களில் விடுபட்டது ஒரு முடிவு, ஒரு தீர்ப்பு, ஒரு துக்கம். தகவலைத் தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது. மற்றவை அப்படி முடிவதில்லை. 'லாஸ்ட்' (2004–2010) தொடரின் முதல் இரண்டு பருவங்களை நான் சோறு தண்ணி மறந்து பார்த்தேன், ஒவ்வொரு அத்தியாயமும் புது மர்மத்தை வைத்துக்கொண்டே போனது. மர்மங்களின் எண்ணிக்கை கூடக்கூட, இவற்றுக்கெல்லாம் விடை இவர்கள் கையிலேயே இல்லை என்ற சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் வந்தபின் தொடர் பார்ப்பது கஷ்டம்.

தொடர்களுக்கு வருகிறேன். இங்கே பிரச்சினை வேறு. படத்துக்கு இரண்டு மணி நேரம். விட்டுத்தான் ஆக வேண்டும். தொடருக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்ற ஆசை வரும். அந்த ஆசையை அடக்கியவைதான் எனக்குப் பிடித்த தொடர்கள்.

பழைய 'கொலம்போ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் முதல் தொலைக்காட்சிப் படம், 1971-லிருந்து தொடர். அந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தை இயக்கியது இளைஞரான ஸ்பீல்பெர்க். மற்ற துப்பறியும் கதைகள் ஒளித்துவைக்கும் ஒன்றை இதில் முதலிலேயே போட்டு உடைத்துவிடுவார்கள்: கொலைகாரன் யார், எப்படிக் கொன்றான் என்று பார்த்த பிறகுதான் துப்பறிவாளர் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் கசங்கிய மழைக்கோட்டில் வந்து சேர்வார். யார் செய்தது என்ற கேள்வி போனதும் மிச்சம் இருப்பது இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வது மட்டும். பணமும் கர்வமும் உள்ள ஒருவர், தன்னைச் சாதாரணமாக நினைக்க விட்டுக்கொடுக்கும் இன்னொருவர். எத்தனை முறையும் பார்க்கலாம், ஏனென்றால் கெடுவதற்கு முடிச்சே இல்லை. கொலம்போ வாய்க்கு வாய் சொல்லும் தன் மனைவியைத் தொடரில் எங்கும் காட்டவில்லை. அப்படி ஒரு மனைவி நிஜமாக இருக்கிறாளா, அதுவும் எதிராளியைப் பேச வைக்கும் உத்தியா என்று நாம் யோசித்துக்கொண்டே இருப்போம். 1979-ல் தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை, மனைவியைக் கதாநாயகியாக்கித் தனித் தொடரே எடுத்தார்கள். ஃபால்க்குக்கு அதில் விருப்பமில்லை. தொடரின் பெயரை மாற்றிக்கூடப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

போலந்து இயக்குநர் கிஷ்லோவ்ஸ்கி 1980-களின் இறுதியில் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டெக்கலாக்' பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வார்சாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒவ்வொரு பகுதியிலும் வேறு வீடு, பத்துக் கட்டளைகளில் ஒன்றை உரசும் ஒரு சிக்கல். பெரும்பாலான பகுதிகளில் ஒரு மனிதன் வந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போகிறான். யார் அவன் என்று கடைசிவரை சொல்லவில்லை. முதல் பகுதியில் தந்தை, ஏரியின் பனி மகனின் எடையைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். பனி உடையும் காட்சி கிடையாது. மேஜைமேல் காகிதத்தில் மை பரவுகிறது, அவர் அதைத் துடைக்கிறார், வெளியே வண்டிச் சத்தம். குழந்தைகள் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியை மனம் திடமாக இருக்கும் நாளில் பாருங்கள்.

'செர்னோபில்' (2019) ஐந்தே அத்தியாயம். கிரெய்க் மேசின் எழுதியது. உலகமே அறிந்த அணு உலை வெடிப்பை, தொலைவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியே, சத்தமில்லாத ஒரு ஒளியாகக் காட்டுகிறார்கள். சில நொடி கழித்துத்தான் வீடு குலுங்குகிறது. ஆனால் இந்தத் தொடர் கடைசி அத்தியாயத்தில் வெடிப்பு ஏன் நடந்தது என்று சிவப்பு, நீல அட்டைகளை வைத்து நீதிமன்றத்தில் முழுக்க விளக்கிவிடுகிறது. என் கட்சிக்கு எதிரான உதாரணம்தான். இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், அங்கே விளக்கம்தான் உச்சக்காட்சி, ஏனென்றால் கதையே உண்மையைச் சொல்ல விடாதவர்களைப் பற்றியது. நிஜத்தில் பல விஞ்ஞானிகள் செய்ததைச் சேர்த்து உருவாக்கிய ஒரு பெண் பாத்திரமும் அதில் உண்டு; தொடரே முடிவில் அதைச் சொல்லிவிடுகிறது. ஹில்டுர் குட்னடோட்டிரின் இசைக்கு லிதுவேனியாவில் இயங்காமல் நின்ற ஓர் அணுமின் நிலையத்தின் ஒலிகளையே பதிவு செய்து பயன்படுத்தினார்கள். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

சிரிப்புக்கு 'ஃபால்ட்டி டவர்ஸ்'. 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம். ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். கணவன் மனைவியாகத் தொடங்கி, பிரிந்த பிறகும் சேர்ந்தே எழுதி முடித்தார்கள். பதிமூன்றாவது எழுதவில்லை. வெற்றி பெற்ற தொடரை அங்கே நிறுத்த எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று இன்றைய தொடர்களைப் பார்க்கும்போது தெரிகிறது.

'தி சொப்ரானோஸ்' (1999–2007) எண்பத்தாறு அத்தியாயம் ஓடி, ஓர் உணவகத்தில், கதவு மணி ஒலிக்க, மாஃபியா தலைவனான டோனி நிமிர்ந்து பார்க்க, திரை சட்டென்று கருப்பாகி முடிந்தது. ஒளிபரப்பான இரவில் பலர் கேபிள் போய்விட்டது என்று நினைத்தார்கள். கோபப்பட்டவர்கள் ஏராளம். எனக்கு அதில் பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது, அதனாலேயே அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேல் நான் வைப்பது 'தி வயர்' (2002–2008). ஐந்து பருவம், அறுபது அத்தியாயம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரச் செய்தித்தாள் ஒன்றில் குற்றச் செய்தியாளராக இருந்த டேவிட் சைமனும், கொலைப் பிரிவில் துப்பறிவாளராக இருந்து பின்னர் பள்ளி ஆசிரியரான எட் பர்ன்ஸும் சேர்ந்து உருவாக்கியது. முதல் பருவம் போதைமருந்துத் தெருமுனை, இரண்டாவது துறைமுகம், மூன்றாவது நகர அரசியல், நான்காவது பள்ளிக்கூடம், ஐந்தாவது செய்தித்தாள். ஒரே நகரத்தை ஐந்து வாசல் வழியாக நுழைந்து பார்ப்பது. யார் நல்லவர் என்று இசை போட்டுச் சொல்வதில்லை. பின்னணி இசையே அபூர்வம், காரிலோ கடையிலோ ஒலிக்கும் பாட்டுத்தான். போலீஸ் மொழியையும் தெரு மொழியையும் விளக்குவதும் கிடையாது. நான்காம் பருவத்தின் நான்கு பள்ளிப் பையன்களைப் பார்த்தபோது, இவர்களில் யார் தப்பிப்பான் என்று நான் மனதில் ஒரு வரிசை போட்டேன். நான் நம்பியவனுக்கு நேர்ந்ததை இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. நான் கைவிட்டவன்தான் பிழைத்தான். இவ்வளவுக்கும் அந்தத் தொடர் ஓர் எம்மி விருதுகூட வாங்கவில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? சப்டைட்டில் பழக்கம் இல்லையென்றால் '12 ஆங்ரி மென்', 'ஜாஸ்' இரண்டும் போதும், அவசரம் வேண்டாம். அப்புறம் 'எ செபரேஷன்', ஏனென்றால் அது த்ரில்லர் வேகத்தில் ஓடும். குழந்தைகளோடு பார்க்க மியாசாகியின் அனிமேஷன் படம் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988). வில்லனே இல்லாத படம், அம்மாவின் நோய் என்னவென்றுகூடச் சொல்லாத படம். அதே நாளில் ஜோடியாகத் திரையிடப்பட்ட 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிவிடாதீர்கள், அது போரில் அநாதையான இரண்டு குழந்தைகளின் கதை, பெரியவர்களுக்கே கனம். 'இகிரு', கியாரோஸ்தமி, கிஷ்லோவ்ஸ்கி மூன்றும் அடுத்த கட்டம். 'டோக்கியோ ஸ்டோரி'யைக் கடைசியாக வையுங்கள், முதலிலேயே பார்த்தால் பாதியில் அணைத்துவிட வாய்ப்பு உண்டு.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கொலம்போவின் வழவழா பேச்சைக்கூட அப்படிப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. ஓசுவை அப்படிப் பார்ப்பதற்குக் கதைச்சுருக்கம் படித்துவிடலாம். டப்பிங்கைவிடச் சப்டைட்டில் மேல். படத்தைப் பார்க்கும் முன் விமர்சனம் படிக்காதீர்கள் (இதைப் படித்துவிட்டீர்கள், பரவாயில்லை, முக்கியமானவற்றில் பாதியை நான் சொல்லவில்லை). போன் திரையில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' பார்க்கலாம், 'இன் த மூட் ஃபார் லவ்' வேண்டாம்.

'தி வயர்' பார்க்க உட்கார்ந்தால் முதல் மூன்று நான்கு அத்தியாயங்களில் யார் யார் என்றே பிடிபடாது. பெயர்களை மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள், இடையில் நிறுத்தி இணையத்தில் தேடவும் வேண்டாம். முதல் பருவம் பதிமூன்று அத்தியாயத்தையும் முடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாம் பருவம் துறைமுகத்துக்குத் தாவும்போது பழைய ஆள்கள் எங்கே என்று எரிச்சல் வரும், அது எல்லோருக்கும் வருவதுதான், தாண்டிப் போங்கள்.